கடைமடைக்கு ஒரு தண்ணி

எங்கள் பக்கத்தில் நெல்லுக்குப் பாய்கிற தண்ணீரை யாரும் லிட்டரில் சொல்ல மாட்டோம். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி என்றுதான் சொல்வோம். "இன்னும் ஒரு தண்ணி கிடைச்சா வெள்ளாமை வீடு வந்து சேந்துரும்" என்றால், குளத்து மடையைத் திறந்து வயலெல்லாம் இன்னும் ஒரு தடவை நனைந்தால் போதும் என்று பொருள். சென்னையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே தண்ணி என்றால் வேறு. அந்தச் சென்னையிலிருந்துதான் எங்கள் குளத்து நாரைகளை ஆராய்ச்சி செய்ய ஒரு பிள்ளை வந்தாள். அவளும் நாங்களும் உட்கார்ந்து பேசி, 'ஒரு தண்ணி' என்ற ஒரு சொல்லில் ஒத்துப்போனோம். அந்தச் சொல்லுக்கு அவளுக்கு ஓர் அர்த்தம், தலைமடைக்காரர்களுக்கு ஓர் அர்த்தம், எனக்கு ஓர் அர்த்தம் என்பது மடையை அடைத்த பிறகுதான் தெரிந்தது.

என் வயல் கடைமடையில் இருக்கிறது. குளத்து மடையில் புறப்படுகிற வாய்க்கால் ஊர் வயலையெல்லாம் நனைத்துவிட்டு, கடைசியாக வந்து முடிகிற இடம். தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வந்தால் குளம் நிரம்பும், குளம் நிரம்பினால் மடையை ஒட்டிய தலைமடை வயல்கள் நிரம்பும், தலைமடை நிரம்பி மனசு வந்தால் எனக்கு வரும். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கே ஏதாவது ஒரு கடையில்தான் நிற்கிறார்கள். வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். குத்தகைக்காரர் கைவிட்ட வருஷம், நானே செய்கிறேன் என்று இறங்கினேன். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. மனை போட ஒரு தரகர் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை வற்றியபின், கடைசியில் அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். "இந்தப் பிசானம் வெளஞ்சு வந்தா வயல நீ வச்சிக்கோ. இல்லேன்னா வித்துட்டுப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு." பிசானம் என்பது எங்கள் பக்கத்து மழைக்காலப் பயிர், ஐப்பசியில் நட்டு மாசியில் அறுப்போம். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சென்னையில் ஓர் அறை வீட்டில் குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் நிற்க விருப்பமில்லை. என் காலுக்கு என் வரப்புதான் சரி.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் பேருக்குப் பெய்து, மார்கழியில் பனி இறங்கிவிட்டது. அணையைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். இனிமேல் குளத்தில் கிடக்கிற தண்ணீர்தான், வேறு கதி இல்லை.

அதே குளத்துக்குள்தான் நாரைகள் இருந்தன. குளத்தின் நடுவில் கருவேல மரங்கள் கூட்டமாக நிற்கும். தைக்கு முன்னே மஞ்சமூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து அந்த மரங்களில் கூடு கட்டிவிடும். தாய்வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வந்திருக்கு என்று ஊரில் சொல்வோம். சொல்கிறவர்கள் யாரும் குளத்தங்கரையில் வேட்டி காயப்போடுகிறவர்கள் இல்லை. நான் காயப்போட்ட சேலையில் அவை போட்ட கோலத்துக்கு எத்தனை தடவை வைதிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த நாற்றமும் இலேசுப்பட்டதில்லை. ஆனாலும் ஒரு வருஷம் அவை வராவிட்டால் ஊருக்கு எதுவோ போலிருக்கும்.

ஆராய்ச்சிப் பிள்ளை ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். முதலில் யாரும் அவளை நம்பவில்லை. இன்று கூட்டை எண்ணுவாள், நாளை சரணாலயம் என்று பலகை நடுவாள், நாளன்றைக்குக் குளத்தில் மாட்டைக் குளிப்பாட்டக்கூட விட மாட்டாள் என்று பயந்தார்கள். அவள் பலகை எதுவும் நடவில்லை. கூழைக்கடாவும் இந்த நாரையும் உலகத்தில் குறைந்துகொண்டே வருகிற பறவைகள் என்றும், மரம் இருந்தால் மட்டும் போதாது, மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றும் சொன்னாள். அதற்கு முந்தைய ஒரு வறட்சியில் குளம் வற்றி, நாய்கள் நடந்தே உள்ளே போய்க் கீழே விழுந்த குஞ்சுகளைத் தின்றதும், பெரிய பறவைகள் மிரண்டு கூட்டைப் போட்டுவிட்டுப் போனதும், மேலே கிடந்த குஞ்சுகள் செத்து ஊரே நாறியதும் எங்களுக்கும் நினைவிருந்தது. அவள் அதை அளந்து சொன்னாள். மரத்தடியில் முழங்கால் அளவுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் நாய் உள்ளே வரும். அவ்வளவுதான் அவள் கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடிக்க அவள் எத்தனை காலை வெயிலில் அளவுக்குச்சியோடு குளத்துக்குள் நின்றாள் என்பதைப் பார்த்தவள் நான். குச்சியின் மறுமுனையைப் பிடித்ததும் நான்தான்.

தை பிறந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். குளத்துப் பாசனத்துக்குத் தலைவராக இருக்கிற அண்ணாச்சிதான் நடுவில் உட்கார்ந்தார். அவருடைய வயல் தலைமடையில், மடைக்கு அடுத்தாற்போல. வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்த்திக்கடனாகப் போலீஸ் வேஷம் கட்டிப் போகிறவர். மற்ற நாட்களிலும் அந்த வேஷத்தை முழுசாகக் கழற்றுவதில்லை என்று நான் சொல்வதுண்டு, அவர் காதில் விழாத தூரத்தில். அந்தப் பிள்ளை ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குளத்தில் இருப்பதில் இவ்வளவு எடுத்தால் வயலுக்கு ஒரு தண்ணி ஆகும், மிச்சம் மரத்தடியில் நிற்கும், குஞ்சு பறக்கிறவரை தாங்கும். அந்த அளவுக்கு மடைக்கல்லில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடலாம் என்றாள். அண்ணாச்சி நாலு பேர் முகத்தைப் பார்த்தார். "ஒரு தண்ணி எடுத்துக்கிடுதோம், கோடு வந்ததும் மடைய அடைச்சிருதோம், என்ன வே?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பால் பிடிக்கிற பருவத்தில் ஒரு தண்ணி கிடைத்தால் என் நெல் பிழைத்துவிடும். தினமும் காலையில் மடைக்கல்லைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அதுவும் சரி என்றேன்.

மடை திறந்தாயிற்று. இதுதான் கடைசித் தண்ணி என்று தெரிந்துவிட்டால் மனுஷனுக்கு என்ன வருமோ அதுதான் வந்தது. கணுக்கால் அளவு நிறுத்துகிறவர்கள் வரப்பு முட்ட நிறுத்தினார்கள். இனிமேல் எப்போது கிடைக்குமோ என்ற பயம், வேறென்ன. வரப்பில் சேறு பூசி, நண்டுப் பொந்தெல்லாம் அடைத்துச் சேமித்தார்கள். ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி. நான் காலையில் படம் எடுக்கப் போகும்போது கோடு நெருங்கிக்கொண்டே இருந்தது. என் வயலுக்கு இரண்டு வயல் முன்னால் வரை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, சோறு பொங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாய்க்காலில் தவளைதான் இருந்தது.

வாய்க்காலோடு மேலே நடந்தேன். வழியெல்லாம் வயல்கள் தளும்பிக்கொண்டிருந்தன. மடைக்கு வந்தால், பலகை இறக்கிச் சாக்கு அடைத்துக் களிமண்ணும் பூசியாயிற்று. அண்ணாச்சி நின்றார், கூட நாலைந்து பேர், அந்தப் பிள்ளை. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஒரு தண்ணின்னு சொன்னிய அண்ணாச்சி, எனக்கு வரலையே" என்றேன்.

"கோடு வந்துட்டு, அடைச்சாச்சு. பேச்சு பேச்சுதான். ஒரு தண்ணி விட்டாச்சுல்லா, உனக்கு வந்து சேராததுக்குக் குளம் என்ன செய்யும்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணாச்சிக்கு ஒரு தண்ணி என்றால் ஒரு தடவை மடையைத் திறந்து அடைப்பது. எனக்கு ஒரு தண்ணி என்றால் அது கடைமடைக்கு வந்து சேர்வது. வந்து சேராதது அரைத் தண்ணிகூட இல்லை. அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. எல்லா வயலுக்கும் கணுக்கால் அளவு என்று நினைத்துத்தான் கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கில் உங்கள் வயலும் இருந்தது அக்கா என்றாள். அவள் கணக்கில் தப்பில்லை. கணுக்கால் அளவோடு நிறுத்துகிற மனுஷர்கள்தான் ஊரில் இல்லை. அதை நான் அவளுக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் எனக்கும் அப்போது தோன்றவில்லை. கூட்டத்தில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

கூட நின்றவர்களில் ஒருவர் சமாதானம் சொல்ல வந்தார். தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் போல வந்திருக்கின்றன, இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளம்மா என்றார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "தாய்வீட்டுக்கு வந்ததுகளுக்குத் தண்ணி, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்கு வறட்சியா?" என்றேன்.

கடைமடை நனையாமல் மடையை அடைக்கக் கூடாது என்பது எங்கள் குளத்தில் பழைய வழக்கம். அது அண்ணாச்சிக்கும் தெரியும். அதனால் அவர் ஒரு வேலை செய்தார். கையிலிருந்த மம்பட்டியை என்னிடம் நீட்டி, "வேணும்னா நீயே தொற தாயி. யாரும் தடுக்க மாட்டோம்" என்றார். அந்தப் பிள்ளையும் தடுக்கவில்லை. என் வயல் வரை ஓடி நனைகிற அளவுக்கு விட்டால், மரத்தடியில் முழங்காலுக்குக் கீழே போய்விடும் என்பதை மட்டும் பைய சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மம்பட்டியை வாங்கிக்கொண்டு கரைமேல் ஏறினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மரத்துக்கு மரம் கூடு, கூட்டுக்குக் கூடு குஞ்சு. இன்னும் இறகு முளைக்காத குஞ்சுகளுக்கு வெயில் படாமல் தாய் நாரைகள் சிறகை விரித்துக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது உண்மைதான். அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. நான் திறந்தால் குஞ்சைக் கொன்றவள் என்பார்கள். திறக்காவிட்டால் என் நெல் மணி பிடிக்காமல் சாவியாகும், வயல் மனையாகும், நான் சென்னைக்குப் போவேன், எல்லோரும் பாவம் என்பார்கள். சண்டையை எனக்கும் நாரைக்கும் நடுவில் மூட்டிவிட்டு இவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். என் பங்கைக் குடித்தது நாரை இல்லையே. என் பங்கு எங்கே இருக்கிறது என்று வருகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வந்தேன்.

கீழே இறங்கி மம்பட்டியை அண்ணாச்சி கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "எனக்குக் குளத்துலேருந்து வேண்டாம். ஒங்க வயல்ல நிக்குல்லா, அங்கனருந்து விடுங்க" என்றேன்.

வயலில் ஏறிய தண்ணீரைத் திரும்பக் கேட்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். அடுத்தவர் வரப்பை வெட்டித் தண்ணீர் எடுத்தால் கொலை விழும், விழுந்திருக்கிறது. தன் வரப்பைத் தானே வெட்டிக் கடைமடைக்கு விட்டவன் என்று ஒருத்தனைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை, குளத்துக்குள் நட்டு அளக்கிற அதே குச்சியை எடுத்துக்கொண்டுபோய் அண்ணாச்சி வயலில் ஊன்றிவிட்டாள். கணுக்காலைத் தாண்டி ஆடுசதைக்கு நின்றது. அடுத்த வயலிலும் அப்படியே. அதற்கடுத்த வயலிலும் ஊன்றினாள். குளத்தை அளக்க விட்டதே நாங்கள்தான், வயலை அளக்க உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று அண்ணாச்சி அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் குச்சியை எடுக்கவில்லை. இந்தத் தண்ணீரும் குளத்துத் தண்ணீர்தானே சார் என்றாள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் மடைப்பக்கம் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அண்ணாச்சி திரும்பி வந்தார். வேட்டியை மடித்துத் தார்பாய்ச்சியிருந்தார், தோளில் மம்பட்டி. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் வயலில் இறங்கி, கீழ்வரப்பில் நாலு வெட்டு வெட்டினார். தண்ணீர் அடுத்த வயலுக்குள் மடமடவென்று இறங்கியது. சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? அவனவன் வரப்ப அவனவன் வெட்டுங்க. அடுத்தவன் வரப்புல எவனும் மம்பட்டி வைக்கக் கூடாது" என்றார்.

அவர் ஏன் வந்தார் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் மதினி ஏதோ சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். வழக்கம் தவறிவிட்டது என்று அவர் மனசே குத்தியிருக்கவும் கூடும். அண்ணாச்சி வெட்டியபின் மற்றவர்கள் வெட்டாமல் இருக்க முடியவில்லை. முனகிக்கொண்டேதான் வெட்டினார்கள். கணுக்கால் அளவு நிற்கட்டும் என்று அந்தப் பிள்ளை வயலுக்கு வயல் குச்சியோடு ஓடினாள். ஒருவர் குச்சியைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தார், அவரே எடுத்தும் கொடுத்தார்.

எல்லாம் கூடி வந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் வரவில்லை. என் வயலுக்கு மேலே ஒரு வயல் முன்கூட்டியே விளைந்து அறுப்புக்குக் காய்ந்து நின்றது. வயல்காரர் கூடங்குளத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். மறுநாள் அறுப்பு இயந்திரம் வருவதாக இருந்தது. அதற்குள் தண்ணீரை விட்டால் இயந்திரம் இறங்காது, பயிரும் சாய்ந்துவிடும். அதை விடச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. வாய்க்கால் மேட்டில் இருந்ததால் தண்ணீரைப் பக்கத்து வடிகாலில் இறக்கிச் சுற்றிக் கொண்டுவந்தோம். வெடித்துக் கிடந்த வடிகால் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டது. இருட்டுவதற்குள் என் வயலில் மேல்பாதி நனைந்தது. கீழ்ப்பாதி அப்படியே வெடிப்போடு நின்றது.

குளத்தில் கோட்டுக்குக் கீழே வெயிலில் வற்றியதைத் தவிர வேறு தண்ணீர் குறையவில்லை. மாசி கடைசியில் நாரைக் குஞ்சுகள் கிளைக்குக் கிளை தத்தின, பங்குனியில் பறக்கப் பழகின. அந்தப் பிள்ளை ஒரு கூட்டத்தில் பேசும்போது, குஞ்சுகள் பிழைத்தது ஊர் மக்களின் ஒத்துழைப்பால் என்று சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, அந்த வார்த்தை போதவில்லை அக்கா என்றாள். போதவில்லைதான் என்றேன்.

மாசியில் அறுப்புக்கு என் வீட்டுக்காரர் வந்தார். வயலுக்குப் போய்க் கீழ்ப்பாதியில் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்துவிட்டது. மேல்பாதியில் கசக்கி ஊதினார். நெல் நின்றது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பிறகு குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இந்த நாத்தம் புடிச்ச கொக்குக்காண்டியா பாதி வயலச் சாவியாக்கின?" என்றார்.

"கொக்கு இல்ல, நாரை" என்றேன்.

பாதி விளைந்ததை விளைந்ததாக எடுத்துக்கொள்வதா, விளையாததாக எடுத்துக்கொள்வதா என்று எங்களுக்குள் தீர்ப்பு இல்லை. நாங்கள் அதைப் பேசி வைத்திருக்கவில்லை. அவர் தரகரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசல் ஏறியதே இல்லை. காப்பி கொடுத்தேன், குடித்தார். வயலை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவரும் ஆமாம் அண்ணாச்சி, பாதி சாவியாகிவிட்டது, கடைமடையை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றார்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏலே, எங்க அப்பன் காலத்துலயும் நடக்காத காரியம். என் வரப்ப நானே வெட்டுனேன். ஊர்ல அத்தன பேரும் வெட்டுனான். இந்த வயல் நனையணும்னுதான். இப்ப நீ அதுல மனை போட்டுட்டுப் போனா, நாங்க வெட்டுனதுக்கு என்னலே அர்த்தம்?" என்றார். அடுத்த வருஷம் கடைமடையிலிருந்து தொடங்கித்தான் தண்ணீர் கட்டுவது என்றும், அதை நேற்றே நாலு பேரிடம் பேசிவிட்டதாகவும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

என் வீட்டுக்காரர் வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். பிறகு தரகருக்குப் போன் போட்டார். வயலை இப்போது கொடுப்பதாக இல்லை என்றார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார் போல.

"இல்லய்யா, அது குடுக்கதுக்கு இல்ல. அதுல ஊர்த் தண்ணி பாஞ்சிருக்கு" என்றார்.

அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.